பெயர் சொல்லாமல் மன்றாடியது

அன்புள்ள மகனுக்கு,

நிலானி தொலைபேசியில் கேட்டு ஒரு மாதமாகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. தை மாதத்திலிருந்து அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் பயிற்சி. கிழமை நாட்களில் அங்கேயே தங்கவேண்டும். நீ காலையில் வங்கிக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வீட்டுக்கு வருவாய். ஆகவே நானும் அம்மாவும் விடத்தல்தீவு வீட்டைப் பூட்டிவிட்டு மன்னாருக்கு வந்து, உங்களோடு தங்கி, பேத்தி அனியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அம்மா அன்றைக்கே எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள். நிலானிக்குப் பின்னால் நின்று நீ "பாப்பம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. உன்னுடைய "பாப்பம்" எனக்கு நல்ல பழக்கம். "மாட்டன்" என்று சொல்லவேண்டிய இடங்களில் எல்லாம் சின்ன வயதிலிருந்து நீ அதைத்தான் சொல்லி வந்திருக்கிறாய். உன் மனைவியிடம் நீ காரணத்தைச் சொல்லியிருக்கமாட்டாய். என்னிடமும் சொல்லமாட்டாய். அதனால் நான் உனக்குச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

உன்னை நான் ஒருநாளும் அடித்ததில்லை. இதை நான் ஊரில் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்து வீட்டில் படகுகள் வைத்திருந்த சம்மாட்டியார் நங்கூரக் கயிற்றின் துண்டொன்றை அடுப்படிக் கூரையில் செருகி வைத்திருந்தார். அவருடைய பிள்ளைகள் செய்த குற்றமெல்லாம் அந்தக் கயிற்றின் சத்தமாக வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சேரும். நான் சாய்மனைக் கதிரையில் இருந்து வாசித்துக்கொண்டே தலையை ஆட்டுவேன். தபாற்கந்தோர்ப் பொறுப்பாளனாக இருந்ததால் ஊருக்கு வந்த சஞ்சிகைகளை எல்லாம் உரியவர்கள் வாசிக்க முதல் நான் வாசித்துவிடுவேன். பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று அவற்றில் எழுதியிருந்தது. அது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அடிப்பதற்கு எழும்பவேண்டும். எனக்கு இருந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய ஒரு வழி தெரிந்திருந்தது.

அந்த வழி உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் அதை ஒருபோதும் வரிசையாக யோசித்ததில்லை. இரவில் வீட்டில் செபமாலை சொல்லி முடிந்ததும், வீட்டுத் தலைவன் மன்றாட்டுச் சொல்லுவது வழக்கம். கடலுக்குப் போனவர்களுக்காக, நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். நான் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வரும் பாதையை மறந்துபோன ஒருவருக்காக மன்றாடுவோம்." "கணக்குக் கொப்பியை ஆடு தின்றுவிட்டதென்று சொல்லும் ஒருவருக்காகவும், செய்யாத குற்றத்தைச் சுமக்கும் அந்த ஆட்டுக்காகவும் மன்றாடுவோம்." அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொல்வாள். நீயும் தலையைக் குனிந்துகொண்டு சொல்வாய். நான் பெயர் சொல்லுவதில்லை. அதை என்னுடைய பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நீ.

சத்தமில்லை, கண்ணீரில்லை, அடுத்த நாள் அந்தப் பிழை திரும்ப நடப்பதுமில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறையொன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. கடவுளையே உதவி ஆசிரியராக வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் பலிக்காமல் என்ன செய்யும்?

அந்த ஐப்பசி மாதம் வந்தது. மாதா சொரூபம் வீடு வீடாக வரும் மாதம். எங்கள் வீட்டுக்கு வந்த இரவு வட்டாரமே முற்றத்தில் பாய் விரித்து இருந்தது. அம்மா கடலை அவித்து வைத்திருந்தாள். இரவுகளில் ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வருடம் அது. சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் இறங்குவோம், அடங்கினால் ஏறி வந்து படுப்போம். உனக்கு ஒன்பது வயது. சில மாதங்களாக நீ நித்திரையில் கத்திக்கொண்டும் பாயை நனைத்துக்கொண்டும் இருந்தாய். அம்மா விடிய முதல் எழும்பி அதைக் கழுவி, வேலியில் போடாமல் கோடிப்பக்கம் ஒருவரும் பார்க்காத இடத்தில் காயவைப்பாள். அதைப்பற்றி அவள் உன்னிடம் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. ஷெல்லுக்கும் பாய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்கப் பெரிய வாசிப்பு ஒன்றும் தேவையில்லை. எனக்குப் பெரிய வாசிப்பு இருந்தது, தொடர்புதான் பிடிபடவில்லை.

மன்றாட்டு நேரம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் நல்ல வசனம் ஒன்று எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கென்றே சிலர் வந்திருந்தார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். "ஐப்பசி பிறந்தும் மழையைக் காணாத இந்த வருடத்தில் தன் பாயில் மட்டும் மழை பெய்யும் ஒருவருக்காக மன்றாடுவோம்" என்றேன். முற்றம் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. பிறகுதான் விளங்கி, ஒரு மூலையில் சிரிப்புத் தொடங்கி, மற்ற மூலை வரைக்கும் போனது. சம்மாட்டியாரின் பிள்ளைகள் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்க்கவில்லை. ஆனால் உன் குரல் எனக்குக் கேட்டது. மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு, சற்றுப் பிந்தி, நீயும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாய். அந்தச் சனத்துக்குள் உண்மையாக மன்றாடியவன் நீ ஒருவன்தான் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

அம்மா அன்றைக்குக் கடலை பரிமாற வெளியே வரவில்லை. தலையிடி என்றாள். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு நீ மிகவும் நல்ல பிள்ளையாகிவிட்டாய். ஊரில் எல்லோரும் சொன்னார்கள். என் முறை முழுமையாகப் பலித்துவிட்டதென்று நான் நம்பினேன். பன்னிரண்டு வயதில் எங்களுக்குச் சொல்லாமல் கரைவலைக்காரரோடு கடலுக்குள் இறங்கி, காலில் திருக்கை முள் ஏறி, இரண்டு நாள் அதை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாயே, நினைவிருக்கிறதா? கால் வீங்கிக் காய்ச்சல் வந்து விழுந்தபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டியவர் உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் அந்தப் பார்வைக்கு அர்த்தம் தேடாமல், அன்றிரவு எந்த வசனத்தைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிழை செய்யாத பிள்ளையாக அல்ல, பிழையை மறைக்கத் தெரிந்த பிள்ளையாக உன்னை ஆக்கியிருந்தேன். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். தகப்பன்மாரின் நிம்மதி பெரும்பாலும் அந்த ஒற்றுமையில்தான் தங்கியிருக்கிறது.

சம்மாட்டியாரின் பிள்ளைகள் இன்றும் அவரோடு முற்றத்தில் இருந்து, அந்தக் கயிற்றைப்பற்றியே பகிடி விட்டுச் சிரிக்கிறார்கள். இதனால் கயிறு நல்லது என்று சொல்ல வரவில்லை. அவருடைய இரண்டாவது மகன் இந்த வயதிலும் யாராவது திடீரென்று கையைத் தூக்கினால் தலையைக் குனிகிறான். நான் சொல்ல வந்தது வேறு. கயிற்றைக் கூரையில் செருகி வைக்கலாம். ஒருநாள் எடுத்து அடுப்பில் போடவும் செய்யலாம். நான் வைத்திருந்தது நாக்கு. அது இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

இருக்கிறது என்பதற்குச் சாட்சி அனி. ஆவணி விடுமுறையில் எங்களோடு நின்றபோது, காலையில் அம்மா கொடுத்த இலைக்கஞ்சியைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஊற்றிவிட்டு, குடித்துவிட்டேன் என்று வெறும் கோப்பையைக் காட்டினாள். ஆறு வயதுப் பிள்ளை. கசக்கிற ஒன்றைக் குடிக்க விருப்பமில்லை, விருப்பமில்லை என்று சொல்லவும் பயம். இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. "பிடிக்கேல்லையே? அரைக் கோப்பை குடிக்கிறியா, சீனி போட்டுக் குடிக்கிறியா?" என்று கேட்டிருந்தால் விசயம் அதோடு முடிந்திருக்கும். நான் இரவு வரைக்கும் காத்திருந்து, "கோழிகளின் பசியைத் தாங்கமுடியாத இரக்கமுள்ள ஒருவருக்காக மன்றாடுவோம்" என்றேன். அனி முதலில் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

நிலானி அன்று தொலைபேசியில் நாங்கள் வந்து தங்கும் விசயம் கேட்டு முடித்த பிறகு, ஒரு பகிடி என்று சொல்லித்தான் இதைச் சொன்னாள்: "மாமா, அனி இப்ப உங்களை மாதிரித்தான் மன்றாடுறாள். நேற்று என்ன சொன்னவள் தெரியுமே? நித்திரையில கத்துற ஒருத்தருக்காக மன்றாடுவமாம்." பிறகு, "இவர் எழும்பி வெளியால போயிட்டார். கேற் பூட்டப் போனதாம்," என்றாள்.

நான் சிரித்தேன். இதை எழுதாமல் விடலாம், ஆனால் சிரித்தேன். வசனம் நன்றாக அமைந்திருந்தது. பெயரில்லை, குற்றச்சாட்டில்லை, தப்பி ஓட வழியும் இல்லை. என் கைவேலை. தொலைபேசியை வைத்த பிறகுதான் அது யாரைப்பற்றியது என்பது எனக்குள் இறங்கியது. நீ இன்னும் நித்திரையில் கத்துகிறாய் என்பது எனக்குத் தெரியாது. தெரியாதபடி நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய். என் வாய்க்கு எட்டாமல் நீ ஒளித்து வைத்திருந்த ஒன்றை, உன் மகளின் வாய்க்குள் நானே வைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை மாதா சொரூபம் எங்கள் வீட்டுக்கு வர இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வரும் யோசனைகளைப்பற்றி இதற்குள் உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும். ஊருக்கு முன்னால் செய்ததை ஊருக்கு முன்னாலேயே தீர்க்கவேண்டும், அன்றைய சனத்தில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் வருவார்கள், எழும்பி நின்று அந்தப் பழைய இரவைச் சொல்லி, என்னுடைய பெயரையே சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்தேன். வசனத்தையும் ஆயத்தம் செய்தேன். இரண்டு மூன்று தரம் திருத்தினேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"திரும்பவும் அவனை ஊருக்கு முன்னால நிப்பாட்டப் போறியளோ?" என்றாள்.

"நான் என்னைத்தானே சொல்லுறன்," என்றேன்.

"உங்களைச் சொல்லுறதுக்கு அந்தக் கதையைச் சொல்லவேணும். மறந்துபோன சனத்துக்கும் நினைவு வரும். நீங்கள் நல்லவர் எண்டு எழும்பிப் போவினம். அவன் நனைஞ்ச பாயோட இருப்பான்."

முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னுடைய வசனம் ஒன்றைப்பற்றிக் கருத்துச் சொன்னது அதுவே முதல் தடவை. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். செபமாலை இரவில், கடலுக்குப் போனவர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் மட்டும் மன்றாடினேன். எனக்கு வயது போய்விட்டது, பழைய கலகலப்பு இல்லை என்று சனம் கதைத்ததாம்.

நிலானி ஆவணியில் ஒரு சிறு புத்தகத்தை இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தாள். பிள்ளைகளை நல்ல முறையில் வழிநடத்துவது எப்படி என்பதுபற்றிச் சுகாதார நிலையத்தில் பெற்றோருக்குக் கொடுத்தது. அதில் படத்துக்குப் படம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்; மூக்கு வடிகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. தகப்பன்மார் எல்லோரும் வேலை முடிந்து களைக்காமல் வந்திருக்கிறார்கள். நான் சிரிப்பதற்காகத்தான் அதை எடுத்தேன். அடிக்காதீர்கள் என்ற பக்கத்தைச் சந்தோசமாகப் புரட்டினேன். அடுத்த பக்கத்திலேயே நான் இருந்தேன். பிள்ளையின் பிழையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவேண்டும், பிள்ளையைப்பற்றி அல்ல, செய்த காரியத்தைப்பற்றிக் கதைக்கவேண்டும், நல்லதைக் கண்டால் அதைப் பிள்ளையின் காதில் விழச் சொல்லவேண்டும் என்ற அளவில்தான் அதன் சாரம். மிகச் சாதாரணமான விசயங்கள். மொழிநடையும் அவ்வளவு திறமில்லை. நான் இவற்றில் ஒவ்வொன்றையும் சரியாகத் தலைகீழாகச் செய்திருந்தேன். உன் பிழைகளை முற்றத்தில் சொன்னேன். உன் கெட்டித்தனத்தைத் தபாற்கந்தோரில் முத்திரை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை நீங்கள் மன்னார் ரவுனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது, அனியை எங்களோடு விட்டீர்கள் அல்லவா? அன்று நடந்ததை நீ அறியவேண்டும். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது, அவள் என்னுடைய தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் கையிலிருந்து பறித்தேன். அதுவே முதல் பிழை. இன்னும் கொஞ்சத்தில் நிற்பாட்டவேணும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அவள் கத்திக்கொண்டு திரும்பப் பறித்து, தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டாள். போட்ட பிறகு, தான் செய்ததைப் பார்த்து அவளே பயந்துபோய் நின்றாள். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு வசனம் வந்தது. மிக நல்ல வசனம். இன்னும் முழுதாக நினைவிருக்கிறது. அதை உனக்கும் எழுதமாட்டேன்.

நான் வாளியடியில் குந்தினேன். என்ன செய்வது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அறுபத்தாறு வயதில் சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது அன்றைக்குத்தான். "கோவம் வந்திட்டுது, என்ன? நான் பறிச்சது பிழைதான். ஆனா போன் நனைஞ்சு போச்சு. இப்ப என்ன செய்வம்?" என்றேன். அவள் அழுதுகொண்டே, அரிசிக்குள் வைக்கலாம் என்று தாய் ஒருமுறை செய்ததைச் சொன்னாள். இரண்டு பேருமாகத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தோம். பிறகு சோறு சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிய, கையைக் கழுவாமல் நின்று, "அப்பப்பா, இரவைக்கு இதைச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டாள்.

"சொல்லமாட்டன்."

"ஆருக்கும்?"

"ஆருக்கும்."

அவள் நம்பவில்லை. அன்றிரவு செபமாலை முடியும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்றாட்டுகள் முடிந்து நான் சிலுவை போட்ட பிறகுதான் அவளுடைய தோள் இறங்கியது. மகன், ஒரு பிள்ளை மன்றாட்டுச் சொல்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். நீயும் இரவுக்கிரவு அப்படித்தான் இருந்திருப்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு மன்றாடியிருக்கிறேன்.

இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்பாவுக்கு மட்டும்" என்றாள். ஆகவே நீ அவளிடம் இதைப்பற்றிக் கேட்கவேண்டாம். தொலைபேசி வேலை செய்கிறது. சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மிப்போயிருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீ என்னைவிட நல்ல தகப்பன் என்பது நிலானி சொல்லாமலே தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்லுகிறேன், அதுவும் உன் வீட்டுக்குள் நான் கொண்டுவந்து விட்ட ஒன்று என்பதால். அனி அந்த மன்றாட்டைச் சொன்னபோது நீ எழும்பிப் போய்விட்டாய். தான் பெரிய பிழை ஒன்று செய்துவிட்டதாக அவள் நினைத்திருப்பாள், என்ன பிழை என்றுதான் தெரிந்திருக்காது. அவளைத் தனியே கூப்பிட்டு, அப்பா நித்திரையில் சில நேரம் பயப்படுகிறவர், அதை எல்லோருக்கும் முன்னால் சொன்னால் அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும், தனியாக வந்து கேட்கலாம் என்று சொல்லு. அவள் விளங்கிக்கொள்வாள். உன்னிடம் வந்து கேட்கவும் செய்வாள். நான் உன்னிடம் ஒருநாளும் கேட்காததை அவள் கேட்பாள். அதற்கு நீ பதில் சொல்லு.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இனிப் பதில். அம்மா தை மாதம் உன்னிடம் வருவாள். அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நான் வரவில்லை. ஒருநாள் ஒரு வசனத்தை விழுங்கியவன் எல்லா நாளும் விழுங்குவான் என்று சொல்ல முடியாது. உன் வீட்டில், உன் மகளுக்கு முன்னால், உனக்கு முன்னால் அதைப் பரீட்சித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. முழங்கால் நோவு, ரவுன் வெக்கை எனக்கு ஒத்துவராது என்று நிலானிக்கு நானே சொல்லுகிறேன். அவள் நம்புவாள். நீ அவளுக்கு எந்த விளக்கமும் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சோறு காய்ச்சத் தெரியும். கறிதான் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அதைப்பற்றிக் குறை சொல்ல இங்கே வேறு ஒருவரும் இருக்கப்போவதில்லை.

அந்த இரவுக்காக என்னை மன்னித்துக்கொள். மற்ற இரவுகளுக்காகவும். இந்த இரண்டு வரியையும் அலங்காரமாக எழுத முடியும், வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் பிறகு வந்து, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் உங்களோடு இருந்துவிட்டுப் பொழுதுபட முதல் திரும்பிவிடலாம் என்று ஓர் ஆசை இருக்கிறது. அது உன் விருப்பம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லு. காரணம் கேட்கமாட்டேன், காரணம் எனக்குத் தெரியும்.

அப்பா